ஹனோய், ஹா லாங் விரிகுடா: முதல்முறை போகிறவர்களுக்கு நான்கு நாள் திட்டம்

முதல் தடவை வியட்நாம் தலைநகர் ஹனோய் போனபோது, சுண்ணாம்புக்கல் தீவுகள் நிறைந்த ஹா லாங் விரிகுடாவைக் கடைசி இரண்டு நாளுக்கு வைத்திருந்தேன். படகிலிருந்து இறங்கிய அன்று இரவே ஊருக்கு விமானம். கிளம்ப வேண்டிய காலையில் விடுதிப் பெண் கையை விரித்துவிட்டார். காற்று எச்சரிக்கை வந்திருக்கிறது, துறைமுகத்தில் ஒரு படகையும் விடவில்லை என்றார். பணம் திரும்ப வந்துவிட்டது. விரிகுடாவைப் பார்க்க இன்னொரு முறை போக வேண்டியிருந்தது. கீழே உள்ள திட்டம் அந்த இரண்டாவது பயணத்தில் போட்டது.

படி 1: மாதம்

அக்டோபர், நவம்பர் நல்ல மாதங்கள். அதற்கு அடுத்தபடியாக மார்ச் கடைசியும் ஏப்ரலும். ஜனவரி, பிப்ரவரியில் தூறலும் மூடுபனியும் இருக்கும். வியட்நாம் என்றாலே வெயில் என்று நினைத்து அரைக்கைச் சட்டையோடு இறங்கினால் ஹனோயில் நடுங்க வேண்டியதுதான். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம். டெட் எனப்படும் அவர்களது புத்தாண்டு வாரத்தில் பாதிக் கடைகள் மூடிக்கிடக்கும், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

படி 2: இ-விசா

வியட்நாம் குடிவரவுத் துறையின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். ஒருமுறை நுழைய 25 டாலர். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் தரகர்களின் தளங்கள், அதே வேலைக்கு இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். நமக்கு இடறும் இடம் பெயர்தான். இனிஷியலா, அப்பா பெயரா, குடும்பப் பெயர்க் கட்டம் காலியா என்ற குழப்பம் வரும். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்குமே, அதில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் போடுங்கள். நுழையும் இடம் ஹனோயின் நோய் பாய் விமான நிலையம்.

படி 3: நாட்களை அடுக்குதல்

முதல் நாள் ஹனோய். இரண்டும் மூன்றும் விரிகுடா. நான்காம் நாள் மறுபடி ஹனோய், அன்று இரவு விமானம். இரண்டாம் நாள் படகு ஓடாவிட்டால் நான்காம் நாளை நகருக்கு வைக்காமல் விரிகுடாவுக்கு ஒரு பகல் பயணமாக மாற்றிக்கொள்ளலாம். கடைசியில் வைத்தால் தள்ளிப்போட நாளே இருக்காது.

படி 4: படகைத் தேர்ந்தெடுத்தல்

ஹனோயிலிருந்து ஹா லாங் துறைமுகத்துக்கு விரைவுச்சாலையில் சுமார் இரண்டரை மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்பினால் ஐந்து மணி நேரம் பேருந்திலேயே போய்விடும். கையில் காசு இருந்தால் ஓர் இரவு படகில் தங்குங்கள். பகல் படகுகள் கரைக்குத் திரும்பியதும் விரிகுடா அடங்கிப்போகும். அந்த மாலைக்காகத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம்.

ஹா லாங் பகுதியில் கூட்டம் அதிகம். கட் பா தீவையொட்டிய லான் ஹா விரிகுடா அதே அழகு, நெரிசல் குறைவு. குகையும் மலை உச்சிக் காட்சியும் முக்கியம் என்றால் ஹா லாங், துடுப்புப் படகும் அமைதியும் போதும் என்றால் லான் ஹா. எனக்கு லான் ஹாதான் பிடித்தது.

பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்: விடுதியிலிருந்து வண்டி உண்டா, கயாக்கிற்குத் தனிக் கட்டணமா, சைவம் தருவார்களா, வானிலையால் ரத்தானால் முழுப் பணமும் வருமா, பாதியில் திரும்பினால் எவ்வளவு வரும். ரத்து செய்தால் சண்டை போடாதீர்கள். 2025 ஜூலையில் திடீர்ச் சூறைக்காற்றில் ஒரு சுற்றுலாப் படகு அங்கே கவிழ்ந்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

படி 5: பணம்

ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கவனிக்க வேண்டியது தாளின் நிறம். 20 ஆயிரம் டாங் தாளும் நீலம், 5 லட்சம் டாங் தாளும் நீலம். ஒன்று நம்மூர் எழுபது ரூபாய் அளவு, இன்னொன்று ஆயிரத்து எழுநூறு. இரண்டிலும் அவர்களது விடுதலைத் தலைவர் ஹோ சி மின் முகம்தான். இருட்டில், டாக்ஸியில், அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவோம். 5 லட்சம் தாள்களைப் பர்ஸில் வைக்காமல் தனி உறையில் வையுங்கள். வண்டிக்கு நம்மூர் ஓலா, ஊபர் போன்ற கிராப் செயலி போதும், பேரம் பேசும் வேலை மிச்சம்.

படி 6: முதல் நாள், சாலையைக் கடப்பது

விமான நிலையத்திலிருந்து 86 எண் ஆரஞ்சுப் பேருந்து பழைய நகருக்கு வருகிறது. அங்கே தங்குவதே வசதி. தெருப் பெயர்கள் பல 'ஹாங்' என்று தொடங்கும், சரக்கு என்று பொருள். ஹாங் பாக்கில் வெள்ளி, ஹாங் மாவில் காகிதப் பொருட்கள், ஹாங் தியெக்கில் இன்றும் தகரம் தட்டும் சத்தம்.

சாலையைக் கடப்பதை முதலில் பழகிக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள்கள் வழிவிடும் என்று காத்திருந்தால் சாயங்காலம் ஆகிவிடும். பேருந்தோ காரோ வராத நேரம் பார்த்து இறங்குங்கள். ஒரே வேகத்தில் மெதுவாக நடங்கள். ஓடாதீர்கள், நடுவில் நிற்காதீர்கள், முக்கியமாகப் பின்வாங்காதீர்கள். நீங்கள் அடுத்த நொடி எங்கே இருப்பீர்கள் என்று கணக்குப் போட்டுத்தான் ஓட்டுகிறவர் வளைந்து போகிறார். கணக்கை நீங்கள் மாற்றினால்தான் ஆபத்து. முதல் தடவை ஒரு பாட்டி கூடையோடு இறங்கினார், அவர் நிழலிலேயே ஒட்டிக்கொண்டு போய்விட்டேன்.

மாலையில் ஹோவான் கியெம் ஏரி. மன்னர் லே லொய் தன் வாளை இங்கிருந்த ஆமையிடம் திருப்பிக் கொடுத்தார் என்பது கதை. சிவப்புப் பாலம் வழியாக நோக் சோன் கோயிலுக்குள் போனால் ஏரியில் வாழ்ந்த ராட்சத ஆமைகளைப் பதப்படுத்திக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கதையை நம்பாதவர்கூட அந்த உருவத்தைப் பார்த்தால் யோசிப்பார்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை: காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாஸ் வந்துவிடும். 'ஆன் சாய்' என்று சொல்லுங்கள், அதுதான் சைவ உணவு. அமாவாசை, பௌர்ணமியில் அவர்களில் பலரும் சைவம்தான் சாப்பிடுகிறார்கள், அந்த நாட்களில் தேடுவது சுலபம்.

படி 7: விரிகுடா

காலை எட்டு மணிவாக்கில் வண்டி வரும். பெரிய பெட்டியை விடுதியிலேயே விட்டுவிட்டு ஒரு தோள்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுண்ணாம்புக்கல் தீவுகள் அலைக்குத் தடுப்பாக நிற்பதால் தண்ணீர் பெரும்பாலும் குளம்போல இருக்கும், குமட்டலுக்கு அதிகம் பயப்பட வேண்டாம். ஹா லாங்கில் உள்ள சுங் சோட் குகைக்கும் டிடோப் தீவுக்கும் பிடிமானமுள்ள செருப்பு வேண்டும், டிடோப்பில் 400-க்கும் மேற்பட்ட படிகள். 1962-இல் ஹோ சி மின்னோடு வந்த சோவியத் விண்வெளி வீரர் டிட்டோவின் பெயர்தான் அதற்கு. விடியலில் அலாரம் வைத்து மேல்தளத்துக்குப் போங்கள். தேநீர்க் கோப்பையோடு நின்றால், பாறைகள் சாம்பல் நிறத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். கடைசிப் பாறை தெரிவதற்குள் தேநீர் ஆறிவிட்டிருக்கும்.

படி 8: நான்காம் நாள்

காலையில் இலக்கியக் கோயில். 1070-இல் கன்பூசியசுக்காகக் கட்டியது. அந்தக் கால அரசுத் தேர்வில் வென்றவர்களின் பெயர் பொறித்த 82 கற்பலகைகளைக் கல் ஆமைகள் சுமக்கின்றன. ஹோ சி மின் சமாதிக்குப் போவதானால் திங்கள், வெள்ளி விடுமுறை, மற்ற நாளிலும் காலையில் மட்டும்தான்.

பிறகு முட்டைக் காபி. 1946-இல் பால் கிடைக்காதபோது மஞ்சள்கருவை அடித்துச் சேர்த்துப் பிறந்தது. அதைக் கண்டுபிடித்தவரின் குடும்பக் கடையான கியாங் காபிக் கடை நுயென் ஹூ ஹுவான் தெருவில், ஒடுங்கிய சந்துக்குள் இருக்கிறது. முதலில் கரண்டியால் நுரையைச் சாப்பிடுங்கள், கலக்கிவிடாதீர்கள்.

விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே நகரைவிட்டுக் கிளம்பிவிடுங்கள், மாலை நெரிசல் நம்மூரை மிஞ்சும். வண்டி பதியும்போது முனையம் 2 என்று போடுங்கள். முனையம் 1 உள்நாட்டு விமானங்களுக்கு.