கல்லாறு–குன்னூர் ஏற்றம், இரண்டடிப் பலகையில்

மாடல் ரயில் ஆசை வந்ததும் எல்லோரும் முதலில் இன்ஜின் வாங்கத்தான் ஓடுகிறார்கள். நான் முதலில் மலையைச் செய்யச் சொல்வேன். கை பழக அதுதான் நல்லது, செலவும் குறைவு. இங்கே நாம் செய்யப்போவது நீலகிரி மலை ரயில் பாதையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட ஒரு துண்டு. 1899-இல் திறந்த பாதை. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத்தில் ஒரு பலகை போதும்.

கணக்கு

நாம் எடுத்துக்கொள்வது எச்.ஓ. என்ற மாடல் ரயில் அளவு, அதாவது 1:87. எதையும் 87-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை அடி ஆள் 19 மி.மீ. ஆகிவிடுவார். இந்தப் பாதை மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1000 மி.மீ., வகுத்தால் 11.5. இதற்கென்று 12 மி.மீ. தண்டவாளம் 'எச்.ஓ.எம்' என்ற பெயரில் வருகிறது. கிடைக்காவிட்டால் டி.டி. என்ற இன்னொரு மாடல் அளவின் தண்டவாளமும் அதே 12 மி.மீ.தான். ஆனால் அது 1:120 அளவுக்கானது, தண்டவாளத்தின் அடியில் குறுக்கே கிடக்கும் கட்டைகள் சிறுத்து நெருக்கமாக இருக்கும். ஜல்லியைத் தாராளமாகப் போட்டால் அவ்வளவாகத் தெரியாது.

சரிவு

இந்தப் பாதையின் உயிரே இதில்தான் இருக்கிறது. இன்ஜினின் பல்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்சட்டத்தைக் கவ்வி ஏறும் பகுதியில் ஏற்றம் 12.5-க்கு 1. நம் 60 செ.மீ. பலகையில் ஒரு முனையைவிட மறுமுனை 4.8 செ.மீ. உயர வேண்டும். தெர்மாகோலை ஆப்பு வடிவில் வெட்டி, ஃபெவிகால் தடவி ஒட்டுங்கள். ஸ்ப்ரே பெயின்டும் ரப்பர் பசையும் தெர்மாகோலை அரித்துவிடும், பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

சாய்வது தண்டவாளமும் அதன்மேல் நிற்கும் ரயிலும் மட்டுமே. மரம், கம்பம், ஆள் எல்லாம் செங்குத்தாக நிற்க வேண்டும். என் முதல் மாடலில் மரங்களைச் சரிவுக்கு நேர்செங்குத்தாக நட்டுவிட்டேன். பார்த்தவர்களுக்கு ஏற்றமே தெரியவில்லை, பலகை ஆடுகிறதா என்று கேட்டார்கள். அன்றிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் எதையும் நடுகிறேன்.

பல்சட்டம்

இங்கே இருப்பது ஆப்ட் முறை: நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பல்சட்டங்கள், ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் பள்ளம். மெல்லிய கேபிள் டை ஒன்றை எடுத்து, பல் உள்ள பகுதியை நீளவாக்கில் பிளேடால் இரண்டாகக் கிழியுங்கள். பல் மேலே பார்க்க, ஒன்றை அரைப் பல் தள்ளி ஒட்டி, கரும்பழுப்பு அடித்தால் போதும். இது பார்வைக்குத்தான், இன்ஜின் இதைக் கவ்வி ஏறாது.

பாறை

மருந்துக்கடையில் எலும்பு முறிவுக்குக் கட்டும் பி.ஓ.பி. பேண்டேஜ் கேளுங்கள். துண்டுதுண்டாக வெட்டி, தண்ணீரில் நனைத்து, தெர்மாகோல்மேல் இரண்டு அடுக்கு போர்த்துங்கள். ஒரு நாள் காயட்டும். நீலகிரிப் பாறை கருஞ்சாம்பல் நிறம். முதலில் நடுத்தரச் சாம்பல், பிறகு தண்ணீராய்க் கரைத்த கறுப்பை ஊற்றி இடுக்குகளில் இறங்க விடுங்கள். கடைசியில் ஏறக்குறைய காய்ந்த தூரிகையில் வெளிர்சாம்பல் எடுத்து மேடுகளில் மட்டும் உரசுங்கள்.

ஜல்லி

நிஜ ஜல்லியில் பெரியது 65 மி.மீ., அதாவது நமக்கு முக்கால் மி.மீ. கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு கைப்பிடி எம்-சாண்ட் கேட்டு வாங்குங்கள். அதுவும் உடைத்த கருங்கல்தான் என்பதால் நிறமும் முனையும் அப்படியே பொருந்தும். டீ வடிகட்டியில் சலித்து, மேலே தங்குவதைக் கொட்டிவிடுங்கள். கீழே விழுந்ததைத் துணியில் சலித்துத் தூசியை நீக்குங்கள். பெரிய கல் ஒன்று தப்பி வந்தாலும் கண் அங்கேயே போய் நிற்கும்.

தண்டவாளத்தில் பரப்பி, தூரிகையால் கட்டைகளுக்கு நடுவே ஒதுக்குங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து முதலில் தெளியுங்கள், இல்லாவிட்டால் பசை உருண்டு நிற்கும். பிறகு ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டு, ராத்திரி முழுக்கத் தொடாமல் வையுங்கள்.

காடு

கல்லாறை ஒட்டிப் பாக்குத் தோப்பு, மேலே அடர்காடு, தேயிலை எல்லாம் குன்னூர் நெருங்கும்போதுதான். எந்த இடம் என்று முடிவுசெய்துவிட்டு நடுங்கள். 15 மீட்டர் மரம் 17 செ.மீ. வர வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் ஐந்து செ.மீ.யில் நிறுத்திவிடுவதால் காடு புதராகிவிடுகிறது. பழைய மின்கம்பியின் செப்பு இழைகளை முறுக்கி, நுனிகளைப் பிரித்துவிட்டால் கிளைகள் தயார். பசை தடவி மரத்தூளில் புரட்டினால் பட்டை. இலைக்கு ஸ்பாஞ்சைப் பழைய மிக்ஸி ஜாரில் அரைத்து, பச்சை போஸ்டர் கலரில் ஊறவைத்துக் காயவையுங்கள். அந்த ஜார் மறுபடி சமையலுக்கு வேண்டாம். தரைக்கு, காய்ந்த டீத்தூள் சக்கை.

ரயிலை வைக்கும்போது இன்ஜின் கீழ்முனையில் இருக்கட்டும். நிஜத்திலும் குன்னூர்வரை அது பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டுதான் ஏறுகிறது. வைத்துவிட்டு, செல்போனைத் தலைகீழாக்கி, கேமரா தண்டவாளத்தை ஒட்டி நிற்கும்படி வைத்துப் படம் எடுங்கள். அந்த 19 மி.மீ. ஆள் பார்க்கும் மலை அதில் தெரியும்.