1935-இன் ஐரோப்பியக் கூட்டணிகளை ஒரே தாளில் வரைந்து புரிந்துகொள்வது எப்படி?

ஜெர்மனி மீண்டும் படைபெருக்கத் தொடங்கியபோது அண்டை நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தங்களை வரிசையாக மனப்பாடம் செய்வதைவிட, ஒரு வெள்ளைத் தாளில் கோடுகளாக வரைந்து பார்ப்பதே சிறந்தது. கறுப்பு, சிவப்புப் பேனாக்களும் ஒரு பென்சிலும் தேவை.

படி 1: நடுவில் ஜெர்மனியையும், சுற்றிலும் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, செக்கோஸ்லோவாக்கியா, போலந்து, ருமேனியா, சோவியத் ஒன்றியம் ஆகியவற்றையும் அவற்றிற்குரிய திசையில் எழுதுங்கள். முதல் உலகப் போரை முடித்துவைத்த வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனிக்கு அனுமதித்தது 1,00,000 படைவீரர்கள். 1935 மார்ச் 16 அன்று ஹிட்லர் கட்டாய இராணுவச் சேவையோடு அறிவித்ததோ 36 டிவிஷன்கள் (ஒவ்வொன்றும் பல ஆயிரம் வீரர்களைக் கொண்ட படைப்பிரிவு). இரண்டையும் ஜெர்மனியின் கீழே குறியுங்கள்.

படி 2: ஏப்ரலில் இத்தாலியின் ஸ்ட்ரெசா நகரில் கூடி ஜெர்மனியைக் கண்டித்த பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி மூன்றையும் கறுப்புக் கோட்டால் இணையுங்கள். மே 2 அன்று கையெழுத்தான பிரான்ஸ்–சோவியத் பரஸ்பர உதவி ஒப்பந்தத்திற்கும், அதற்கு முன்பே இருந்த பிரான்ஸ்–செக்கோஸ்லோவாக்கியா கூட்டணிக்கும் கறுப்புக் கோடுகளே.

படி 3: மே 16-இன் செக்கோஸ்லோவாக்கியா–சோவியத் ஒப்பந்தத்தை மட்டும் பென்சிலால் வரையுங்கள். தொடக்கநிலை வாசகர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. பிரான்ஸ் முதலில் உதவிக்கு வந்தால்தான் சோவியத் ஒன்றியத்தின் கடமை தொடங்கும் என்பது அதன் நிபந்தனை. இப்போது மாஸ்கோவிலிருந்து செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகாவுக்கு விரலை நகர்த்துங்கள். போலந்தையோ ருமேனியாவையோ கடக்காமல் சென்றடைய முடியாது. 1938 செப்டம்பரில் மியூனிக் மாநாட்டில் பிரான்ஸ் செக்கோஸ்லோவாக்கியாவைக் கைவிட்டபோது, இந்தப் பென்சில் கோடும் பயனற்றுப் போனது.

படி 4: விரிசல்களுக்குச் சிவப்பு. ஸ்ட்ரெசாவுக்குப் பின் பத்து வாரங்கள்கூட ஆகாத நிலையில், ஜூன் 18 அன்று, ஜெர்மனி தனது கடற்படையை பிரிட்டிஷ் கடற்படையின் 35 விழுக்காடு அளவுக்குக் கட்டலாம் என்று பிரிட்டன் தனியாக உடன்பட்டது. பிரான்சையும் இத்தாலியையும் கலந்தாலோசிக்கவில்லை. அடுத்த விரிசல்: அக்டோபர் 3 அன்று இத்தாலி அபிசீனியாவின் (இன்றைய எத்தியோப்பியா) மீது படையெடுத்தது. ஸ்ட்ரெசாவின் முதல் விரிசலை உண்டாக்கியது இத்தாலியின் தலைவர் முசோலினி அல்ல, லண்டனே என்பது என் உறுதியான கருத்து. தேதிகளை அருகருகே எழுதினால் உங்களுக்கும் அது புலப்படும்.

படி 5: பிரான்ஸ்–சோவியத் கோட்டின்மேல், கையெழுத்தான தேதிக்குப் பக்கத்தில் 1936 பிப்ரவரி 27 என்றும் எழுதுங்கள். பிரெஞ்சு நாடாளுமன்றக் கீழவை அந்த ஒப்பந்தத்தை ஏற்றது அன்றுதான். ஒன்பதே நாள்களில், மார்ச் 7 அன்று, அதையே காரணமாகக் காட்டி ஜெர்மனி படை வைத்திருக்கக் கூடாது என்று தடைசெய்யப்பட்டிருந்த அதன் மேற்கு எல்லைப் பகுதியான ரைன்லாந்துக்குள் ஹிட்லர் படைகளை அனுப்பினார்.