வானொலியில் சிம்பொனி கேட்டு, கேட்டதை எழுதுவது எப்படி?

வானொலியில் ஆர்கெஸ்ட்ரா கச்சேரி ஒன்றைக் கேட்டு முடித்தவரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால், "அருமை" என்பார், இல்லாவிட்டால் "எனக்குப் பிடிபடவில்லை" என்பார். இரண்டும் உண்மையான பதில்தான். ஆனால் எந்த இடத்தில் அருமை, எந்த இடத்தில் பிடி நழுவியது என்று எழுதிப் பழகினால் காது கூர்மையாகிவிடும். இதற்கு இசை இலக்கணம் தெரிந்திருக்க வேண்டாம். ஒரு நோட்டு, பென்சில், கைபேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும்.

படி 1: என்ன வாசிக்கப் போகிறார்கள் என்று பாருங்கள்

பிபிசி ரேடியோ 3 இல் லண்டனின் கோடைக்கால இசைத் தொடரான ப்ரோம்ஸ் கச்சேரிகள் எல்லாம் நேரலையாக வருகின்றன. 1895 இல் தொடங்கிய தொடர் அது. 1927 இல் பிபிசி பொறுப்பேற்றது. நிகழ்ச்சி நிரலை முன்பே வெளியிட்டுவிடுவார்கள். சிம்பொனி என்றால் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட படைப்பு; பெரும்பாலும் நான்கு பகுதிகள் இருக்கும். பகுதிக்கு ஒரு பக்கம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். இசையமைப்பாளரின் வாழ்க்கைக் கதையை இப்போதே படிக்க வேண்டாம். படித்துவிட்டால், காதில் விழுவதை விட்டுவிட்டு, படித்ததைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

படி 2: ஒலியளவை ஒரே தடவை வையுங்கள்

கச்சேரி தொடங்கும் முன் ஓபோ என்ற சீவாளி வைத்த குழல் ஒற்றைச் சுரத்தை நீட்டிப் பிடிக்கும். 440 ஹெர்ட்ஸ் அல்லது அதை ஒட்டிய சுருதி அது. மற்ற கருவிகள் அதோடு சேர்ந்துகொள்ளும். அந்தச் சத்தம் உங்கள் அறைக்கு இதமாக இருக்கும்படி ஒலியளவை வைத்துவிட்டு, அப்புறம் அதைத் தொடாதீர்கள்.

ஏன் என்றால், பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேலின் 'பொலேரோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1928 இல் முதலில் அரங்கேறியது. சுமார் கால் மணி நேரம் ஓடும். ஒரு சிறிய பக்க முரசு கேட்டும் கேட்காமலும் தாளத்தைத் தொடங்கும். அதன் மேல் புல்லாங்குழல் மெட்டைப் பாடும், பிறகு கிளாரினெட், பிறகு பாசூன் என்ற தாழ்ந்த குரல் குழல். தாளம் மாறாமல் ஓட, சத்தம் மட்டும் படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். முதல் நிமிடத்தில் "ஒன்றும் கேட்கவில்லையே" என்று நீங்கள் ஒலியைக் கூட்டினால், கடைசியில் காது பொறுக்காமல் குறைப்பீர்கள். இசையமைப்பாளர் கட்டிய ஏற்றத்தை உங்கள் கையே கலைத்துவிடும்.

படி 3: நேரம், கேட்டது, பட்டது

நோட்டுப் பக்கத்தில் கோடு போட்டு மேலிருந்து கீழாக மூன்று பத்தி பிரியுங்கள்: நேரம், காதில் கேட்டது, மனதில் பட்டது. பகுதி தொடங்கியதும் ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள். உதாரணத்துக்கு, செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி, இரண்டாம் பகுதி. என் நோட்டில் முதலில் எழுதியது இது:

"ஏறக்குறைய 1 நிமிடம். சீவாளி வைத்த குழல் போலிருக்கிறது, ஓபோவை விடத் தாழ்ந்த குரல். யாரோ தூரத்தில் தனியாக நின்று பாடுவது போல. தொண்டை அடைத்தது."

அந்தக் கருவிக்குப் பெயர் கோர் ஆங்லே என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாததால் குறிப்பு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. "தாழ்ந்த குரல்" என்று எழுதியிருந்ததால்தான் பெயரைப் பிறகு கண்டுபிடிக்கவும் முடிந்தது. "உருக்கமான இசை" என்று மட்டும் எழுதியிருந்தால் எதைத் தேடுவது?

சலிப்பு வந்தால் அதையும் நேரத்தோடு எழுதுங்கள். "6 நிமிடம், கவனம் போய்விட்டது" என்பதும் நல்ல குறிப்புதான்.

படி 4: வாசிப்பு வேறு, ஒலிபரப்பு வேறு

புதிதாகக் கேட்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நிலையங்கள் பலவும் மெல்லிய இடங்களைத் தூக்கியும் உரத்த இடங்களை அடக்கியும் அனுப்புகின்றன. ஓடும் காரில் கேட்பவருக்கு இது உதவி, 'பொலேரோ'வுக்கு இழப்பு. உச்சக்கட்டம் சப்பென்று இருந்தால் உடனே ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவரைக் குறை சொல்லிவிடாதீர்கள். மைக்கும் இதில் சேர்த்தி. தனி வயலினுக்குப் பக்கத்தில் மைக் இருந்தால், அரங்கில் கேட்பதைவிட அது பெரிதாக ஒலிக்கும். குழல் ஊதுபவர் மூச்சிழுப்பதுகூடக் கேட்கும்.

எளிய சோதனை: அறிவிப்பாளர் பேசும்போதும் அதே இரைச்சல் இருக்கிறதா? இருந்தால் கோளாறு பெரும்பாலும் அலைவரிசையிலோ உங்கள் பெட்டியிலோதான். நோட்டில் 'வா' என்று போட்டால் வாசிப்பு, 'ஒ' என்று போட்டால் ஒலிபரப்பு. சந்தேகமாக இருந்தால் இரண்டையும் போடுங்கள்.

படி 5: கைதட்டலையும் மௌனத்தையும் குறியுங்கள்

ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியில் மூன்றாம் பகுதி ஆரவாரமாக முடியும். முடிந்துவிட்டது என்று நினைத்து அரங்கில் பலர் கைதட்டிவிடுவார்கள். உண்மையான முடிவு நான்காவது பகுதியில், வயலின் குடும்பத்தின் தாழ்ந்த குரல்களான செல்லோவும் டபுள் பாஸும் மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கும் இடம். நான் முதல் தடவை கேட்டபோது, இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்துப் பெட்டியை நோக்கிக் கை நீட்டினேன். அப்போதுதான் எங்கோ ஒருவர் இருமும் சத்தம் கேட்டது. அரங்கம் முழுக்க ஆட்கள், யாரும் கைதட்டவில்லை. அந்த மௌனம் எத்தனை நொடி நீடித்தது என்று எழுதிவையுங்கள்; அதுவும் கேட்டவர்களின் பதில்தான்.

படி 6: இன்னொருவரோடு ஒப்பிடுங்கள், மறுபடியும் கேளுங்கள்

இணையம் வழியாக வரும் ஒலிபரப்பு வானலையை விடப் பின்தங்கி வரும். அதனால் கடிகார மணியைச் சொன்னால் இருவர் குறிப்பும் பொருந்தாது. "இரண்டாம் பகுதி, 3 நிமிடம்" என்றே சொல்லுங்கள். மறு ஒலிபரப்பு கிடைத்தால் பழைய குறிப்பை அழிக்காமல், கீழே வேறு நிற மையில் எழுதுங்கள். என் த்வோர்ஷாக் பக்கத்தில் பென்சில் வரிக்குக் கீழே நீல மையில் இப்படி இருக்கிறது: "குழல் தனியாக இல்லை. பின்னால் வயலின்கள் அடங்கிய குரலில் கூடவே வருகின்றன. போன தடவை கேட்கவே இல்லை."