சுற்றுகளின் சார்பு தெரியாத நிரல் மடக்கை (லூப்) ஊகத்தின் பேரில் இணையாக ஓட்டுவது எப்படி?

மடக்கு என்பது ஒரே கட்டளைகளைச் சுற்றுச் சுற்றாகத் திரும்ப ஓட்டும் நிரல் பகுதி; அணி என்பது வரிசையாக அடுக்கிய மதிப்புகளின் தொகுப்பு. ஓர் அணியின் எந்த உறுப்பைத் தொடுவது என்பதை இன்னோர் அணியில் உள்ள சுட்டெண் (உறுப்பின் இட எண்) தீர்மானிக்கும் மடக்குகளில், சுற்றுகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றனவா என்பது ஓட்டும்போதுதான் தெரியவரும். அதனால் நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலர் அவற்றை வரிசையாகவே விட்டுவிடுகிறது. 1995இல் லாரன்ஸ் ரவுக்வெர்கரும் டேவிட் பாடுவாவும் முன்வைத்த எல்ஆர்பிடி (LRPD) சோதனை, சார்பு இல்லை என ஊகித்து முதலில் இணையாக ஓட்டி, அந்த ஊகம் சரிதானா என்று பிறகு பார்க்கிறது.

மடக்கைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். ஓட்ட நேரத்தில் பெரும்பங்கை அது எடுக்க வேண்டும். கோப்பில் எழுதுவது போன்ற, திரும்பப் பெற முடியாத செயல் எதுவும் அதற்குள் இருக்கக் கூடாது. ஓர் உறுப்போடு மதிப்பைக் கூட்டிச் சேர்க்கும் கூற்றுகளைத் தனியே பிரித்து, இணையாக ஓடும் ஒவ்வோர் இழைக்கும் (திரெட்) தனிக் கூட்டுத்தொகை கொடுங்கள். இல்லாவிட்டால் அவை ஒவ்வொன்றும் சார்பாகவே தோன்றும். மிதவைப்புள்ளி எண்களில் (கணினி தோராயமாகச் சேமிக்கும் பின்ன எண்கள்) கூட்டும் வரிசை மாறுவதால் கடைசி இலக்கங்கள் சற்று வேறுபடலாம்.

அடுத்து, சுற்றுகளைத் தொடர்ச்சியான தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வோர் இழைக்கும் ஒரு தொகுதியையும் அணியின் தனிப் பிரதியையும், அதே நீளமுள்ள இரண்டு நிழல் அணிகளையும் கொடுக்க வேண்டும். இழை எழுதிய உறுப்பை ஒன்றிலும், தான் எழுதுவதற்கு முன்பே படித்த உறுப்பை மற்றொன்றிலும் குறியுங்கள். எல்லா இழைகளும் முடிந்தபின், முந்தைய தொகுதி எழுதிய உறுப்பைப் பிந்தைய தொகுதி இவ்வாறு படித்திருந்தால் ஊகம் பிழை. பிந்தையது எழுதி முந்தையது படித்திருந்தால் கேடில்லை. தனிப் பிரதி அதைக் காத்துவிடும். இரண்டும் எழுதியிருந்தால் பிந்தைய தொகுதியின் மதிப்பே நிலைக்கும்.

பிழை கண்டாலும் உழைப்பு முழுவதும் வீணாகாது: முதல் மோதலுக்கு முந்தைய தொகுதிகள் சரியானவை என்பதால் அவற்றை மூல அணியில் பதித்துவிட்டு, எஞ்சியவற்றை மட்டும் மீண்டும் ஓட்டலாம். இந்த மீட்சிப் பாதையைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மோதல் நிகழும் சுட்டெண்களை வேண்டுமென்றே கொடுத்து, வரிசை ஓட்டத்தின் விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய மதிப்பைப் படித்த இழை பூச்சியத்தால் வகுக்கலாம், அணிக்கு வெளியே கைவைக்கலாம், உள்மடக்கில் முடிவின்றிச் சுழலவும் கூடும். இவற்றையும் ஊகத் தோல்வியாகவே கையாளுங்கள்.

ஐபிஎம் புளூ ஜீன்/கியூ கணினியில் இந்தக் கண்காணிப்பை இரண்டாம் நிலை கேஷ் நினைவகமே (செயலிக்கு அருகிலுள்ள விரைவு நினைவகம்) செய்தது. மென்பொருளில் குறியிடும் செலவு நம்முடையது. எனவே தொடுமிடங்களைத் தீர்மானிக்கும் சுட்டெண்கள் மாறாதவரை முந்தைய சோதனையின் முடிவைச் சேமித்து, அடுத்த ஓட்டத்தில் குறியிடாமலே பயன்படுத்துங்கள்.