ஒரே தலையில் சுருட்டையும் ஸ்ட்ரெயிட்டும்: இரண்டையும் பராமரிக்கும் முறை

போன மாதம் அக்கா மகள் போனில் கேட்டாள்: "சித்தி, ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணிட்டா அப்புறம் தலைக்கு ஒரு வேலையும் இருக்காதாமே?" கல்லூரி திறப்பதற்குள் செய்துகொள்ளலாமா என்ற யோசனையில் இருக்கிறாள். என்னைப் போலவே அவளுக்கும் அடங்காத சுருட்டை.

நான் எட்டு ஆண்டுகளில் ஐந்து முறை, ரசாயனம் போட்டு முடியை நேராக்கும் ரீபாண்டிங் செய்துகொண்டவள். கடைசியாகச் செய்தது 2021 டிசம்பரில். அதோடு நிறுத்திவிட்டேன். வேரிலிருந்து சொந்தச் சுருட்டை வளர, கீழே பழைய நேர்முடி தொங்க, இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு இரண்டரை ஆண்டுகள் இருந்தேன். அதனால் இரண்டின் பராமரிப்பும் கைப்பழக்கம். அவளுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்: வேலை குறையாது, இடம் மாறும். சுருட்டை முடி வாரத்தில் இரண்டு நாள் உங்கள் நேரத்தை வாங்கிக்கொள்ளும். ஸ்ட்ரெயிட் செய்த முடி காலையில் ஐந்து நிமிடத்தோடு விட்டுவிடும். ஆனால் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பார்லரில் ஐந்து மணி நேரம் உட்கார வைக்கும்.

தலைக்குக் குளிப்பது எப்படி என்றெல்லாம் எழுதப்போவதில்லை. இரண்டுக்கும் எங்கே வழி பிரிகிறதோ அதை மட்டும் பார்ப்போம்.

படி 1: தலையில் இருப்பது எந்த ரசாயனம்?

ஸ்மூத்தனிங், ரீபாண்டிங், கெரட்டின், ஹேர் போட்டாக்ஸ் என்று பார்லரில் பல பெயர் சொல்வார்கள். பெயரை விடுங்கள், பெட்டியைக் கேட்டு வாங்கி அதில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அம்மோனியம் தயோகிளைகோலேட் என்று இருந்தால் அது நம் ஊரில் ரீபாண்டிங்குக்குப் பரவலாகப் பயன்படும் தயோ வகை. முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை அது உடைக்கும். பிறகு அயர்ன் போட்டு நீட்டி, நியூட்ரலைசரால் அந்தப் பிணைப்புகளைத் திரும்பக் கட்டுவார்கள். சோடியம் ஹைட்ராக்சைடு அல்லது கால்சியம் ஹைட்ராக்சைடு என்று இருந்தால் அது ரிலாக்ஸர். அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் கறுப்பினப் பெண்கள் தலைமுறைகளாகப் போட்டுவந்தது இதுதான். கார வீரியம் மிக அதிகம்.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று சேரவே சேராது. ஒன்றைப் போட்ட முடியில் இன்னொன்றைப் போட்டால் முடி கொத்தாக உடைந்து கையோடு வரும். பார்லர் மாற்றும்போது முன்பு என்ன போட்டீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். நான் பெட்டியைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வேன்.

கெரட்டின் வகை வேறு. பெரும்பாலும் மேற்பூச்சுதான், மூன்று நான்கு மாதத்தில் கழுவிப் போய்விடும். ஆனால் சிலவற்றைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வரும். அயர்ன் போடும்போது கண் எரிந்து மூக்கு நமைத்தால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். கொடுத்த காசுக்காக உட்கார்ந்திருக்க வேண்டாம்.

படி 2: இணைப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

எந்த ரசாயனமும் வெளியே வந்துவிட்ட முடியைத்தான் மாற்றும். தோலுக்குள் இருக்கும் வேர்ப்பையின் வடிவம் மாறாது, அதனால் புதிதாக வருவது சுருட்டையாகவே வரும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். மூன்று மாதம் ஆனபின் ஒரு கற்றையை விரல்களுக்கு நடுவே பிடித்து மேலிருந்து கீழே மெதுவாக உருவிப் பாருங்கள். சொரசொரவென்று நெளிந்து வந்த முடி ஓரிடத்தில் திடீரென வழுவழுப்பாகும். அதுதான் இணைப்பு. தலையிலேயே பலவீனமான இடம்.

படி 3: அலசுதல்

சுருட்டை முடியில் தலையின் எண்ணெய்ப்பசை சுருள்களைத் தாண்டி நுனி வரை இறங்காது. வேர் எண்ணெயாக இருக்கும்போதே நுனி வறண்டு கிடக்கும். அதனால் வாரம் இரண்டு முறை போதும். ஷாம்பு தலைத்தோலுக்கு மட்டும், நீளத்துக்குக் கண்டிஷனர். கண்டிஷனரில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஸ்ட்ரெயிட் செய்த முடியில் எண்ணெய் சறுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இரண்டாம் நாளே நெற்றியோரம் பிசுபிசுக்கும், அடிக்கடி அலச வேண்டிவரும். ஆனால் ஒவ்வொரு அலசலும் ஏற்கெனவே நொந்திருக்கும் நுனியை இன்னும் காயவைக்கும். இதற்கு நான் நம்பும் ஒரே பொருள் தேங்காய் எண்ணெய். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு நுனிகளில் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்கி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. மினரல் ஆயிலிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் அந்தப் பலன் தெரியவில்லை. பாட்டி சும்மா தடவிவிடவில்லை.

சீயக்காய் எனக்குப் பிடிக்கும். ஆனால் இரண்டு முடியும் சேர்ந்திருக்கும் காலத்தில் அதன் தூள் சுருள்களுக்குள் சிக்கிக்கொள்ளும். ஊறவைத்து வடிகட்டிய தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 4: சிக்கெடுத்தல். இங்கேதான் நான் முடியை இழந்தேன்

நிறுத்திவிட்ட முதல் ஆண்டில் வழக்கம்போல ஈரத்தலையை உச்சியிலிருந்து கீழே சீவினேன். சீப்பு சுருட்டைக்குள் போய், இணைப்புக்கு வந்ததும் நின்றுவிடும். இழுத்தால் "பட்" என்று மெல்லிய சத்தம் கேட்கும். குளியலறையின் வெள்ளைத் தரையில் விரல் நீளத்துக்கு நேரான துண்டுகள் கிடக்கும். முடி கொட்டுகிறது என்று நினைத்து இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். நான்கு மாதம் கழித்துத்தான் ஒரு துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். தானாக உதிர்ந்த முடியின் ஒரு முனையில் வெள்ளையாகக் கடுகை விடச் சின்னதாக ஒரு குமிழ் இருக்கும். என் துண்டுகளில் ஒன்றில்கூட அது இல்லை. எல்லாம் இணைப்பில் உடைந்தவை.

அப்புறம் நான் மாற்றிக்கொண்ட முறை இது:

உலர்ந்த தலையைச் சீவவே சீவாதீர்கள். கண்டிஷனர் போட்டபின் தலையை நான்காகப் பிரித்து, மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். நான்காவதில், இணைப்புக்குச் சற்று மேலே இடது கையால் இறுகப் பிடியுங்கள். இழுவை அந்தப் பிடியோடு நின்றுவிட வேண்டும், இணைப்புக்குப் போகக் கூடாது. இப்போது வலது கை விரல்களால் நுனியில் உள்ள சிக்கை எடுங்கள். விரல் தடையின்றிப் போன பிறகுதான் சீப்பு. நுனியில் இரண்டு அங்குலம், பிறகு அதற்கு மேல் இரண்டு அங்குலம் என்று ஏறி வாருங்கள். கடைசியாகத்தான் சுருட்டைப் பகுதி. ஒரு பகுதி முடிந்ததும் அதைத் தளர்வாக முறுக்கி ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுபடியும் சிக்காகும்.

முதல் முறை நாற்பது நிமிடம் ஆனது. பழகியபின் பதினைந்து.

சீப்பு: பல் அகலமாக இருக்கும் கொம்புச் சீப்பு அல்லது மரச் சீப்பு. மலிவான பிளாஸ்டிக் சீப்பில் அச்சு சேரும் இடத்தில் மெல்லிய விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும், அது முடியை அறுத்துத் தள்ளும். நகத்தால் பல்லைத் தடவிப் பார்த்தாலே தெரியும். ரப்பர் மெத்தையில் பல் நட்ட பிரஷ்ஷை முழுக்க ஸ்ட்ரெயிட் செய்த முடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: உலர்த்துதல், படிய வைத்தல்

இரண்டுக்கும் பழைய காட்டன் டி-ஷர்ட்டே போதும். துண்டால் தேய்த்துத் துவட்டாதீர்கள், ஒத்தி எடுங்கள். ஸ்ட்ரெயிட் முடிக்கு ஈரம் இருக்கும்போதே இரண்டு சொட்டு சீரம். அயர்ன் போட்டே ஆக வேண்டுமென்றால் முழுக்கக் காய்ந்தபின், 150 டிகிரிக்குள். சுருட்டைக்குச் சீரம் வேண்டாம், ஆளிவிதை ஜெல் போதும். கடையில் வாங்கும் எந்த ஜெல்லை விடவும் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

கால் கப் ஆளிவிதை, இரண்டு கப் தண்ணீர். மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். ஏழெட்டு நிமிடத்தில் வெள்ளை நுரை கட்டும். கரண்டியைத் தூக்கினால் முட்டை வெள்ளைக்கரு போல நூலாக இறங்கும். உடனே அடுப்பை அணைத்து, சூட்டோடு வடிகட்டுங்கள். ஆறட்டும் என்று விட்டால் விதையோடு கெட்டியாகிவிடும், துணியை எவ்வளவு முறுக்கினாலும் வராது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரம் சொட்டும் முடியில் ஜெல்லைத் தடவி, கீழிருந்து மேலாக உள்ளங்கையால் கசக்கிவிடுங்கள். காய்ந்ததும் மொறுமொறுப்பாக இருக்கும், மறுபடி கசக்கினால் மென்மையாகிவிடும். இரண்டு முடியும் இருக்கும் காலத்தில் இரட்டைப் பிரி முறுக்கு (கற்றையை இரண்டாகப் பிரித்து ஒன்றையொன்று சுற்றி முறுக்குவது) போட்டுக் காயவைத்தால் கீழ் நேர்முடியும் நெளிந்து மேலோடு ஒத்துப்போகும். இந்த முறுக்கும், இரவில் வழுவழுப்பான துணியில் தலையைச் சுற்றிக்கொள்வதும் ரிலாக்ஸரை விட்டுவந்த கறுப்பினப் பெண்கள் பரவலாக்கிய பழக்கங்கள். அவர்கள் பகிர்ந்துகொண்ட அனுபவம்தான் எனக்குப் பாடம். சாட்டின் துணிக்குப் பதிலாக அம்மாவின் கிழிந்த பட்டுப் புடவையில் தலையணை உறை தைத்தேன். ஜரிகை இல்லாத உடல் பகுதியாகப் பார்த்து வெட்டுங்கள், ஜரிகை உரசும்.

படி 6: தொடர்ந்து ஸ்ட்ரெயிட் செய்பவர்களுக்கு

டச்-அப் என்றால் புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டும். பழைய முடி மேல் க்ரீம் மறுபடி படக் கூடாது. என் நான்காவது ரீபாண்டிங்கில் அவசரத்தில் முழு நீளத்துக்கும் பூசிவிட்டார்கள். காதுக்குப் பின்னால் ஒரு கற்றை இரண்டே வாரத்தில் பாதியாக உடைந்தது. பழைய முடி மேல் கெட்டியாகக் கண்டிஷனர் அல்லது எண்ணெய் பூசி மறைக்கச் சொல்லுங்கள். தயங்காமல் சொல்லுங்கள், உங்கள் தலை. முந்தின நாள் தலையைச் சொறிவதும் தேய்த்துக் குளிப்பதும் வேண்டாம், கீறல் இருந்தால் க்ரீம் எரித்துவிடும்.

செய்யலாமா என்பதற்கு ஒரு சோதனை: உதிர்ந்த முடி ஒன்றை நனைத்து இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுங்கள். கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழையபடி சுருங்கினால் நல்லது. சூயிங்கம் போல நீண்டுகொண்டே போனாலோ உடனே அறுந்தாலோ ஆறு மாதம் எதுவும் செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் அக்கா மகளிடம் மறைக்காமல் சொன்னேன். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தாதவர்களிடம் 1.64 சதவீதம். ஆண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் 4.05 சதவீதம். இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. என்றாலும் 18 வயதில் தொடங்க நினைக்கும் பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

படி 7: வெட்டுதல்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நேர்முடியில் ஒரு அங்குலம் வெட்டிக்கொண்டே வந்தேன். சுருட்டையை உலர்ந்த நிலையில் வெட்டச் சொல்லுங்கள். ஈரத்தில் தோள் வரை இருப்பது காய்ந்ததும் காது வரை சுருங்கிவிடும்.

கேள்விகள் வந்தபின் சேர்த்தது

எண்ணெய் வைத்தால் ஸ்ட்ரெயிட்டனிங் போய்விடுமா என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். தயோ, ரிலாக்ஸர் இரண்டும் எண்ணெய்க்கு அசையாது. கெரட்டின் பூச்சு மட்டும் ஷாம்பு போடப் போடச் சீக்கிரம் போகும். பொடுகு இருப்பவர்கள் இரவு முழுக்க எண்ணெயோடு தூங்காதீர்கள், பொடுகு அதிகமாகும்.

எல்லாம் சரியாகச் செய்தும் முடி வைக்கோல் போல இருக்கிறது என்று எழுதியவர் போர் தண்ணீரில் குளிப்பவர். கெட்டிலில் படியும் அதே வெள்ளை உப்பு முடியிலும் படிகிறது. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு லிட்டர் குடிநீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து ஊற்றச் சொன்னேன். மூன்று அலசலில் வித்தியாசம் தெரிந்ததாம்.

மருதாணி: அசல் இலைப்பொடி என்றால் பயமில்லை. கறுப்பு மருதாணி என்று விற்கும் பாக்கெட்டுகள் சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கும். அதைப் போட்ட முடியில் பார்லர் ரசாயனம் பட்டால் சூடேறி முடியே கருகலாம். போட்டிருந்தால் அந்தப் பகுதி வெட்டுப்படும் வரை பொறுத்திருங்கள்.

ஒரு அம்மா, பழனியில் மகனுக்கு மொட்டை போட்டபோது தானும் போட்டுக்கொண்டதாகவும் இப்போது முழுக்கச் சுருட்டையாக வளர்வதாகவும் எழுதியிருந்தார். இணைப்பே இல்லாத வழி அது. உங்களில் யாராவது அப்படிச் செய்தால் முதல் இரண்டு மாதம் வெயிலில் காட்டன் துணி கட்டிக்கொண்டு போங்கள். முடி இரண்டு அங்குலம் வரும்வரை ஜெல் எதுவும் வேண்டாம், குளித்ததும் துளி கண்டிஷனர் போதும்.