அல்-குவாரிஸ்மியின் வழியில் இருபடிச் சமன்பாட்டைக் காகிதத்தில் தீர்ப்பது எப்படி?

பள்ளியில் வர்க்கப் பூர்த்தி முறையைப் படித்த பலருக்கும், கெழுவில் பாதியை எடுத்து, அதை வர்க்கப்படுத்தி, இரண்டு பக்கமும் ஏன் கூட்டுகிறோம் என்பது கடைசி வரை பிடிபடுவதில்லை. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலீபா அல்-மஃமூன் (813–833) காலத்துப் பாக்தாதில் பணியாற்றிய முகம்மது இப்னு மூசா அல்-குவாரிஸ்மி, இந்தக் ‘ஏன்’ என்பதற்குப் படம் வரைந்தே விடை சொல்லியிருக்கிறார். அவரது இயற்கணித நூலில் குறியீடு என்பதே கிடையாது; எல்லாம் சொற்களில்தான். நில அளவை, வணிகம் ஆகியவற்றோடு வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கிடும் கணக்குகளும் அதில் ஏராளமாக உண்டு என்பதால், அதைப் பண்டிதருக்கென்று மட்டும் எழுதப்பட்ட நூலாகக் கருத முடியாது.

அவருடைய புகழ்பெற்ற கணக்கையே எடுத்துக்கொள்வோம்: ஒரு சதுரமும் அதன் மூலங்கள் பத்தும் சேர்ந்தால் 39 (இன்றைய குறியீட்டில் x² + 10x = 39). மூலம் என்பது அந்தச் சதுரத்தின் பக்க நீளம். முதலில் அவர் சொல்லும் வாய்பாட்டை மனத்தில் நிறுத்துங்கள்: பத்தில் பாதி 5, அதன் வர்க்கம் 25, அதை 39 உடன் கூட்டினால் 64, அதன் வர்க்கமூலம் 8, அதிலிருந்து 5 போக விடை 3.

இனி அட்டையும் கத்தரியும் வேண்டும். விடை தெரிந்துவிட்டதால் அளவு பிசகாமல் வெட்டலாம். பக்கம் 3 செ.மீ. உள்ள சதுரம் ஒன்றும், 3 செ.மீ. அகலமும் 5 செ.மீ. நீளமும் கொண்ட செவ்வகங்கள் இரண்டும் வெட்டுங்கள். பத்து மூலங்களை இரண்டாகப் பிரித்ததால்தான் செவ்வகங்கள் இரண்டாயின. ஒன்றைச் சதுரத்தின் வலப்பக்கத்திலும் மற்றதைக் கீழ்ப்பக்கத்திலும் ஒட்டவைத்தால் மூன்றின் பரப்பும் சேர்ந்து 9 + 15 + 15, அதாவது 39 ஆகும். வலது கீழ் மூலையில் மட்டும் ஒரு பள்ளம் தெரியும். அதை அளந்து பாருங்கள்: இருபுறமும் 5 செ.மீ. அங்கே 25 சதுர செ.மீ. அட்டையைப் பொருத்தினால், முழு வடிவமும் பக்கம் 8 செ.மீ. கொண்ட ஒரே சதுரமாகிவிடும். நாம் கூட்டிய 25 இந்த மூலைதான். இதே கணக்குக்கு, நான்கு பக்கமும் இரண்டரை அகலச் செவ்வகங்களை ஒட்டி நான்கு மூலைகளை நிரப்பும் வேறொரு படத்தையும் அவர் தந்திருக்கிறார். முதன்முறை செய்து பார்ப்பவர்களுக்கு இரண்டு செவ்வக வழியே எளிது என்பது என் கருத்து.

இந்தச் சமன்பாட்டுக்கு −13 என்ற விடையும் உண்டு என்று இன்றைய மாணவர் சொல்வார். பக்க நீளம் குறை எண்ணாக இருக்க முடியாதாகையால் அல்-குவாரிஸ்மி அதைக் கணக்கில் கொள்ளவில்லை. குறை எண்களைத் தவிர்த்து, எல்லா உறுப்புகளும் கூட்டலாகவே வரும்படி எழுதியதால்தான் சமன்பாடுகளை அவர் ஆறு வகைகளாகப் பிரிக்க நேர்ந்தது. ஆனால் ‘சதுரமும் 21உம் சேர்ந்தால் பத்து மூலங்கள்’ என்ற வகையில் 3, 7 என இரண்டு விடைகளையும் அவர் ஏற்கிறார்.

இந்த 39 கணக்கு பின்னர் நெடுந்தூரம் பயணப்பட்டது. எகிப்தின் கணித அறிஞர் அபூ காமிலும், முப்படிச் சமன்பாடுகளைக் கூம்பு வெட்டுகளால் (கூம்பைத் தளத்தால் வெட்டும்போது கிடைக்கும் வளைவுகளால்) தீர்த்த உமர் கய்யாமும் இதே எண்களைக் கையாண்டார்கள். 1145இல் ஸ்பெயினின் செகோவியாவில் செஸ்டர் நகர ராபர்ட் அல்-குவாரிஸ்மியின் நூலை லத்தீனில் பெயர்த்தார். அதன் வழியே இம்முறை ஐரோப்பியரின் கைக்கு வந்து சேர்ந்தது.

கைப்பழக்கத்துக்கு அவரது இன்னொரு கணக்கையும் செய்து பாருங்கள்: இரண்டு சதுரங்களும் பத்து மூலங்களும் சேர்ந்தால் 48. சதுரம் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பதால் முதலில் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். ஒரு சதுரமும் ஐந்து மூலங்களும் சேர்ந்து 24 என்றாகும். செவ்வகங்களின் நீளம் இப்போது 2.5 செ.மீ., மூலைச் சதுரம் 6.25 சதுர செ.மீ., முழுச் சதுரம் 30.25 சதுர செ.மீ. அரை செ.மீ. அளவுகள் வருவதால் வெற்று அட்டையைவிட வரைபடத்தாளில் வெட்டுவது நல்லது. பெரிய சதுரத்தின் பக்கம் 5.5 செ.மீ. வந்தால் வெட்டியது சரி, விடை மறுபடியும் 3.