எதை ஒன்றென்று எண்ணினீர்கள்? ஆய்வேடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் என் வீட்டு மேசைக்கு இறுதியாண்டு மாணவி ஒருவரின் ஆய்வேட்டு வரைவு வந்தது. களனி கங்கையின் நீரில் நைத்திரேற்று எவ்வளவு இருக்கிறது என்பதே பொருள். முறையியல் அத்தியாயத்தில் 36 மாதிரிகள் என்று எழுதியிருந்தார். அவருடைய களக் குறிப்புப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மழையில் நனைந்து மை கலைந்த ஒரே ஒரு பக்கம். ஒரே ஒரு திகதி. கைத்தொழிற் பகுதிக்கு மேலே இரண்டு இடங்கள், கீழே இரண்டு இடங்கள், இடத்துக்கு மூன்று போத்தல், போத்தலுக்கு மூன்று அளவீடு. பெருக்கினால் 36 வருகிறது, கணக்கில் பிழையில்லை.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. ஒரே போத்தலிலிருந்து மூன்று முறை அளப்பது கருவி எவ்வளவு நிதானமாக வாசிக்கிறது என்பதைச் சொல்லுமேயன்றி, கங்கையைப் பற்றிப் புதிதாக எதையும் சொல்லாது. ஒரே இடத்தில் அடுத்தடுத்து நிரப்பிய மூன்று போத்தல்களும் ஏறத்தாழ ஒரே நீர்தான். தொழிற்சாலைக் கழிவு கங்கையைப் பாதிக்கிறதா என்ற கேள்விக்கு அவரிடம் இருந்தது மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கே நான்கு தரவுகள், அதுவும் ஒரு நாட் காலையின் தரவுகள். 36 என்று கணினிக்குக் கொடுத்தபோது பீ-பெறுமானம், அதாவது உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் நிகழ்தகவு, 0.001இற்கும் கீழே போய்விட்டது. நான்கு என்று கொடுத்திருந்தால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாதிருந்திருக்கும். சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இலேயே இந்தத் தவறைப் போலி மீள்செய்கை என்ற கருத்தில் பெயரிட்டு விரிவாக எழுதிவிட்டார். நாற்பது ஆண்டு கடந்தும் அது ஆய்வேடுகளில் சலிக்காமல் வந்துகொண்டே இருக்கிறது.

இதற்குப் பரிகாரம் கூடுதல் அளவீடு அன்று, கூடுதல் நாட்களும் கூடுதல் இடங்களும்தான். தென்மேல் பருவமழைக் காலத்துக் களனியும் வரட்சிக் காலத்துக் களனியும் இரண்டு வேறு ஆறுகள் போன்றவை. நீரோட்டம் குறையும்போது கடல்நீர் கங்கைக்குள் ஏறி வருவதால்தான் அம்பத்தலை நீர் உள்ளெடுப்பைக் காக்க உவர்நீர்த் தடுப்பு தேவைப்படுகிறது. ஒரே காலைப்பொழுதில் முகத்துவாரத்துக்கு அருகில் எடுத்த போத்தலில் இருப்பது தொழிற்சாலையின் பாதிப்பா, கடலின் கலப்பா என்று எப்படிப் பிரிப்பது? பன்னிரண்டு போத்தலுக்குரிய இரசாயனச் செலவையே ஆறு வெவ்வேறு நாட்களுக்குப் பகிர்ந்திருந்தால், அதே பணத்தில் பன்மடங்கு வலுவான ஆய்வு கிடைத்திருக்கும். பஸ் செலவு கூடும் என்பது உண்மைதான்.

இந்தக் குழப்பம் மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. பொருளியலில் பெரும் பெயர் பெற்ற கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010இல் வெளியிட்ட கட்டுரை, அரச கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி −0.1 சதவீதம் என்றது. 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், தம் ஆசிரியர்கள் இருவருடன் அதே தரவை மீளக் கணக்கிட்டபோது 2.2 சதவீதம் வந்தது. எக்செல் சூத்திரம் 49ஆம் வரிசை வரை போகாமல் 44இல் நின்றதால் ஐந்து நாடுகள் விடுபட்டன என்ற பகுதியே உலகெங்கும் பேசப்பட்டது. ஆயினும், விடுபட்ட சில ஆண்டுகளின் தரவும், சராசரி எடுத்த முறையும் அதைவிடப் பெரிய காரணங்கள். நியூசிலாந்துக்கு 1951 என்ற ஒரே ஓராண்டு, அதுவும் −7.6 சதவீதமாக, கணக்கில் வந்திருந்தது. பிரித்தானியாவுக்குப் பத்தொன்பது ஆண்டுகள். ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு என்று சராசரி எடுத்ததால் அந்த ஓராண்டும் அந்தப் பத்தொன்பது ஆண்டுகளும் சம நிறை பெற்றன. நாடு ஒன்றா, ஆண்டு ஒன்றா என்பதை ஆய்வாளர் தெரிவு செய்யலாம். தெரிவு செய்ததை நியாயத்தோடு எழுதி வைக்காமல் விடுவதுதான் தவறு.

நம் நாட்டுத் தரவில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. அட்டவணையின் கடைசி வரிசையில் இலங்கை என்று இருந்தால் அது முழு இலங்கை என்று நம்பிவிடுகிறோம். 2001 குடிசன மதிப்பு 25 மாவட்டங்களில் 18இல்தான் முழுமையாக நடந்தது. குடும்பங்களின் வருமானமும் செலவும் பற்றிய அளவீட்டில், 2006/07இல் வட மாகாணமும் திருகோணமலையும் இல்லை. 2009/10இல் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு இல்லை. 2012/13இல்தான் எல்லா மாவட்டங்களும் வந்து சேர்ந்தன. இந்த மூன்றையும் ஒரே கோட்டில் இணைத்து, நாட்டின் வறுமை இத்தனை புள்ளி மாறியது என்று வரைபவர் இரண்டு மாற்றங்களை ஒன்றாகக் கலக்கிறார்: மக்களின் நிலை மாறியது ஒன்று, எண்ணப்பட்ட மக்களே மாறியது மற்றொன்று. வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்து படிக்கும் மாணவர்களே தம் ஊர் இல்லாத அட்டவணையைக் கேள்வியின்றிப் பிரதி பண்ணுவதைப் பார்க்கும்போது எனக்குச் சற்று வருத்தமாகவே இருக்கும். ஒப்பிட வேண்டுமானால் எல்லா ஆண்டுகளிலும் இடம்பெற்ற மாவட்டங்களை மட்டும் வைத்து ஒரு தொடரும், முழு நாட்டுக்கு வேறொரு தொடரும் தயாரிக்க வேண்டும்.

விலைச் சுட்டெண்ணிலும் இதே கதைதான். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் கொழும்பு மாவட்டத்து நகர்ப்புறக் குடும்பங்களுக்கு உரியது. மட்டக்களப்பு விவசாயியின் வருமானத்தை அதனால் வகுத்து மெய் வருமானம் என்று சொல்வதற்கு முன், தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் தனியாக வெளியாவதை நினைவில் கொள்ள வேண்டும். 2023 தொடக்கத்தில் கொழும்புச் சுட்டெண்ணின் அடியாண்டு, அதாவது விலை மட்டத்தை 100 என்று கொள்ளும் ஆண்டு, 2013இலிருந்து 2021இற்கு மாறியது. பழைய தொடரின் வாலில் புதிய தொடரை ஒட்டிவிட்டு, விலைகள் ஒரே மாதத்தில் பாதாளத்துக்கு விழுந்ததாக வரைபடம் போட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். இன்னொன்று: 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாக இருந்த பணவீக்கம் 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதமாகக் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று பொருளன்று. 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய பொருட்கூடை ஓராண்டில் ஏறக்குறைய 170 ரூபாயாகி, அடுத்த ஆண்டில் 172 ரூபாயளவில் நின்றது, அவ்வளவுதான். பெட்டாவில் சாமான் வாங்குகிற எவருக்கும் தெரிந்த இதை ஆய்வேட்டின் முடிவுரை மறந்துவிடுகிறது.

பொறியியலில் ஒன்றைச் சொன்னால் போதும். நம் நாட்டில் கொங்கிறீற்றின் அமுக்க வலிமையை 150 மில்லிமீற்றர் கனசதுரக் கட்டிகளை நசுக்கி அளக்கும் பிரித்தானிய வழக்கமே பரவலானது. அமெரிக்க ஆய்வுகள் 150 மில்லிமீற்றர் விட்டமும் 300 மில்லிமீற்றர் உயரமும் உள்ள உருளைகளை நசுக்குகின்றன. குட்டையான கனசதுரத்தை இயந்திரத் தட்டுகளின் உராய்வு இரு பக்கமும் பிடித்து நிறுத்துவதால் அது கூடிய வலிமையைக் காட்டும். ஒரே கலவைக்கு உருளையின் அளவு கனசதுரத்தின் அளவில் ஏறத்தாழ 80 சதவீதம். ஆகவே உமிச்சாம்பல் கலந்த தன் கனசதுரத்தை அமெரிக்கக் கட்டுரையின் உருளையோடு ஒப்பிட்டு, வலிமை 25 சதவீதம் உயர்ந்தது என்று எழுதுபவர் உமிச்சாம்பலை அளக்கவில்லை, அச்சின் வடிவத்தை அளந்திருக்கிறார். 1999இல் செவ்வாய்க்குப் போன நாசாவின் விண்கலம் தொலைந்ததும், ஒரு மென்பொருள் இறாத்தல் விசையில் எழுதியதை மற்றது நியூற்றனாக வாசித்த 4.45 மடங்குப் பிழையால்தான்.

இருபது காரணிகளைச் சோதித்து, பொருந்திவந்த ஒன்றை மட்டும் எழுதும் பழக்கத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளில் ஒன்றாவது பீ-பெறுமானம் 0.05இற்குக் கீழே போய்த் தற்செயலாக வெல்லும் நிகழ்தகவு 64 சதவீதம். மற்றப் பத்தொன்பதையும் அட்டவணையில் போட்டுவிடுங்கள்.

மேற்கோள்களையும் எண்ணத் தெரிய வேண்டும். பத்துக் கட்டுரைகள் ஒரு செய்தியைச் சொல்கின்றன, ஆனால் பத்தும் ஒரே பழைய கட்டுரையைத்தான் காட்டுகின்றன என்றால் உங்களிடம் இருப்பது ஒரே சான்று. ஸ்பினாச் கீரையின் இரும்புச்சத்து மிகையாகச் சொல்லப்பட்டதற்குத் தசமப்புள்ளி ஒன்று இடம் மாறியதே காரணம் என்ற கதை பல ஆய்வுக் கட்டுரைகளில் வந்துவிட்டது. மூலத்தைத் தேடிப் போனவர்களுக்கு அந்தத் தசமப்புள்ளி கிடைக்கவேயில்லை. கவனமின்மையைக் கண்டிக்கச் சொல்லப்பட்ட கதையே கவனமின்றிப் பிரதி பண்ணப்பட்டிருக்கிறது.

அந்த மாணவிக்கு மீண்டும் களத்துக்குப் போக நேரமிருக்கவில்லை. சமர்ப்பிக்க மூன்று வாரங்களே இருந்தன. 36 என்ற எண்ணை எடுத்துவிட்டால் பரீட்சகர் என்ன சொல்வாரோ என்று அஞ்சினார். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சராசரி என்று நான்கு வரிசை அட்டவணை போட்டோம். ஒப்பீட்டுச் சோதனையை நீக்கினோம். தலைப்பில் தொழிற்சாலைக் கழிவின் தாக்கம் என்றிருந்ததை வெட்டி, களனி கங்கையின் நான்கு இடங்களில் ஒரு நாள் அளவீடு என்று மாற்றினோம். நேர்முகத் தேர்வில் பரீட்சகர் முதலில் கேட்டது, அன்று மழை பெய்ததா என்று. குறிப்புப் புத்தகத்தின் அந்த நனைந்த பக்கத்தை எடுத்துக் காட்டினாராம்.